பாலேந்திரா பார்த்த பிரெஞ்சுப் படம்

சென்ற மாதம் நான் மாபெரும் முடிவொன்றை எடுத்தேன். இனிமேல் பாலேந்திரா ஒரு உலக சினிமா ரசிகன்!

கலைத்தாகம் ஒன்றும் காரணமில்லை. சனிக்கிழமை பின்னேரமானால் என் மனைவி சிவரூபினி மரக்கறி வாங்க என்னை லண்டன் சவுத்தால் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அவள் ஒரு கத்தரிக்காயைத் தெரிந்தெடுப்பதற்குள் ஹீத்ரோவில் பத்து விமானங்கள் இறங்கிவிடும். அதே நேரம் ரதீசன் கடையின் பின்னறையில் என் கூட்டாளிகள் சீட்டுக் கடதாசி விளையாடிக்கொண்டிருப்பார்கள். நான் இல்லாமல்!

ஆகவே ஒரு சனிக்கிழமை துணிந்து சொன்னேன்.

"இஞ்சரும், லைப்ரரியிலை இண்டைக்கு ஒரு பழைய பிரெஞ்சுப் படம் போடினம். கள்ளன் பொலிஸ் கதை. கறுப்பு வெள்ளை. நான் போகவேணும்."

"உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமே?"

"கீழை இங்கிலிஷிலை எழுத்து ஓடும். இது கலை, சிவா. ரசிக்கவேணும்."

"அப்ப போய் ரசியுங்கோவன். மரக்கறியை நாளைக்குப் பாப்பம்."

எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். கஷ்டப்பட்டுத் தயாரித்து வைத்திருந்த மிச்சப் பொய்களெல்லாம் வீணாய்ப் போயின.

ரதீசன் கடையில் அன்று துரும்பெல்லாம் என் கையில். வென்ற களிப்போடு வீட்டுக்கு வந்தேன். சிவரூபினி சுடச்சுடப் பிட்டும் கணவாய்க் கறியும் கொண்டுவந்து வைத்தாள்.

"படம் எப்பிடியப்பா?"

"அருமை! ஒருத்தன் பாங்க் உடைக்கிறான்."

"தனியவோ?"

"இல்லை, பெரிய கூட்டமே இருக்கு."

"இன்னும் கொஞ்சம் கறி விடட்டே? பிறகு?"

"பிறகென்ன, பொலிஸ் சுடுது. நல்ல மழை. கள்ளன் றோட்டிலை கிடந்து சாகிறான். எனக்குக் கண் கலங்கிப் போச்சு."

"பாவம். சிரிப்பு ஒண்டும் இல்லையோ?"

"சிரிப்போ? பிரெஞ்சுக்காரர் சாவையும் தத்துவமாய்த்தான் பாப்பினம்."

அவள் கையைத் துடைத்துவிட்டு என் மூக்குக்கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதை விட்டிட்டுப் போட்டியள். எழுத்து வாசிக்க ஏலாமல் இருப்பியளெண்டு லைப்ரரிக்குக் கொண்டு வந்தனான்."

நான் இன்னொரு பிடி பிட்டை அவசரமாக வாய்க்குள் அடைத்தேன்.

"உங்களைக் காணேல்லை. வந்தது வந்தாச்செண்டு இருந்து பாத்தன். பாங்கும் இல்லை, துவக்கும் இல்லை. ஒரு நகைக்கள்ளன். இன்ஸ்பெக்டர் அவனை அடிக்கவுமில்லை, வெருட்டவுமில்லை. மேசையிலை இருத்தி, கோப்பையிலை சாப்பாடு போட்டுப் போட்டுக் குடுக்கிறார். கள்ளன் வாய்க்குள்ளை சாப்பாட்டை வைச்சுக்கொண்டு பொய் பொய்யாய்ச் சொல்லி, தானாய் மாட்டுப்படுறான். அப்ப அவன்ரை முகத்தைக் கிட்டத்திலை காட்டினாங்கள் பாருங்கோ, மீசையெல்லாம் குழம்பு! எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு."

நான் மெதுவாக மீசையைத் துடைத்தேன்.

"படம் முடிய, அதைப் பற்றி ஆராவது கதையுங்கோ எண்டு கேட்டவை. நான் எழும்பிக் கதைச்சன். எல்லாரும் கை தட்டினவை. இனிச் சனிக்கிழமையளிலை என்ன படம் போடுறதெண்டு நான்தான் சொல்லவேணுமாம்."

நம்பிக்கை மெல்லத் துளிர்த்தது. சனிக்கிழமையில் அவள் லைப்ரரியில். நான் ரதீசன் கடையில்!

"நல்ல விஷயம், சிவா! நீர் கட்டாயம் போகவேணும். என்னைப் பற்றி யோசிக்காதையும்."

"யோசிக்காமல் இருப்பனே? அங்கை சனிக்கிழமையளிலை சனம் இருக்கக் கதிரை அடுக்க ஆளில்லையாம். 'என்ரை மனுசனுக்குச் சினிமாவெண்டா உயிர்' எண்டு சொல்லி உங்கடை பேரைக் குடுத்திட்டன்."