அர்முவார் மதாமும் பதினெட்டு ஹேங்கர்களும்

துணிகளில் எதை மாட்ட வேண்டும், எதை மடிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உலகத்திலேயே ஒரே ஒருவருக்குத்தான் உண்டு என்று நான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் புதுச்சேரியில், வைத்திக்குப்பத்துக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தெருவுக்கு அவர் அர்முவார் மதாம். இன்றைக்கு நான் ஓர் அச்சகத்தின் டிசைன் பிரிவைக் கட்டி மேய்த்துக்கொண்டிருப்பதும், வில்லியனூர் அரிசி மண்டிக்காரர் ஒருவருக்கு மனைவியாக இல்லாமல் இருப்பதும் அவரால்தான். சரியாகச் சொன்னால், அவருடைய அலமாரியால்தான்.

அதை அலமாரி என்று நாம் சொன்னால் அவருக்குக் காது கேட்காது. அர்முவார் என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஒரு பிரெஞ்சுக்கார டீச்சரம்மா வீட்டில் சமையல் வேலை பார்த்தாராம். அந்த அம்மா ஊர் திரும்பும்போது பதினெட்டு மர ஹேங்கரோடு அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மதாம் காரைக்காலைத் தாண்டி எங்கும் போனதில்லை. பிரான்சைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அலமாரிக்குள் இருந்ததுதான். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அது நிற்கும். இடப்பக்கம் மாட்டுவதற்கு ஒரு கம்பி, வலப்பக்கம் மடித்து வைக்க நாலு தட்டு. அந்த வீட்டில் சாமி படத்துக்கு அடுத்தபடியாக விழுந்து கும்பிடாத குறையாக மதிக்கப்பட்ட பொருள் அது.

குடியிருந்தவர்கள் மூன்று பேர். ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கௌரி காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் லேப் வேலை. மூன்றாவது நான், திண்டிவனத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் கல்யாணப் பத்திரிகைகளை டைப் அடித்துக்கொண்டிருந்தவள். ஆளுக்கு ஒரு தட்டு, மூன்று ஹேங்கர். மீதி ஒன்பது மதாமுக்கு. வெளியிலிருந்து பிளாஸ்டிக் ஹேங்கர் வாங்கி வந்தால் வாசலிலேயே பறிமுதல். பிளாஸ்டிக்குக்குத் தோள் இல்லை, துணிக்குக் கூன் விழுந்துவிடும் என்பது அவர் கட்சி.

நான் குடிவந்த அன்று என் பெட்டியைத் திறந்து கூடத்தில் கடை பரப்பச் சொன்னார். ஒவ்வொரு துணியாகத் தோளில் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு, "தொங்கும்" அல்லது "படுக்கும்". அவ்வளவுதான், மேல்முறையீடு கிடையாது. நைட்டி படுக்கும். ஸ்வெட்டர் படுக்கும், தொங்கினால் கை முழங்கால் வரைக்கும் நீண்டுவிடும். கஞ்சி போட்ட காட்டன் தொங்கும். சுடிதாரில் மட்டும் சிக்கல் வந்தது. டாப்ஸ், பேன்ட், துப்பட்டா என்று மூன்று உருப்படி இருக்கிறதே, மூன்று ஹேங்கர் வேண்டாமா என்று நான் கேட்டுத் தொலைத்தேன். புருஷன் பெண்டாட்டி பிள்ளைக்குத் தனித்தனி வீடா கட்டுகிறார்கள் என்று கேட்டு மூன்றையும் ஒரே ஹேங்கரில் ஏற்றினார்.

அலமாரியைத் திறப்பதற்கும் நேரம் காலம் உண்டு. காலையில் கரையிலிருந்து காற்று அடிக்கும்போது திறந்து மூடிவிட வேண்டும். பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று திரும்பினால் குப்பத்துக் கருவாட்டு வாசனை நேராக உள்ளே புகுந்து மாட்டிய துணியில் குடியேறிவிடும். ஒருநாள் நான் மறந்துபோய் மத்தியானம் திறந்து வைத்துவிட்டேன். மறுநாள் அச்சகத்தில் முதலாளி ஜன்னலை எல்லாம் திறக்கச் சொன்னார். சாயங்காலம் நான் திரும்பி வந்ததும் மதாம் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு, "வொய்லா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்கு, நல்லா வேணும் என்று அர்த்தம்.

அவரையே திணறடித்தது கௌரியின் ஜீன்ஸ். தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். தோளே இல்லாத துணி எப்படித் தொங்கும், இவ்வளவு விறைப்பான துணி எப்படிப் படுக்கும். மூன்று நாள் அது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கௌரி இருந்த ஒரே மாற்றுத் துணியோடு காலாப்பட்டு பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து சாமியாரிடமே மதாம் கேட்டுவிட்டாராம். அவர், தனக்கு இருப்பது அங்கிகள்தான், இந்த விவகாரம் தெரியாது என்று நழுவிவிட்டார். திரும்பி வரும் வழியில் மதாமுக்கு யோசனை உதித்திருக்கிறது. வந்ததும் வராததுமாக ஜீன்ஸை இரண்டாக மடித்து ஹேங்கரின் குறுக்குக் கட்டையில் போட்டார். மடித்ததும் ஆச்சு, மாட்டியதும் ஆச்சு. ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் செய்கிறது என்று சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை.

நாலாவது வருடம் ஒரு புதன்கிழமை அப்பா போன் செய்தார். வில்லியனூர் சம்பந்தம் முடிவாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம், சனிக்கிழமை வந்து அறையைக் காலி செய்து கூட்டிப் போகிறேன் என்றார். பையன் வீட்டில் பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த மாதம் டிசைன் பிரிவை என்னிடம் கொடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். அதற்காக ஒரு வருடம் ஞாயிறு கூட லீவு போடாமல் வேலை கற்றிருந்தேன். அப்பாவை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து அழுதேன். ஸ்டெல்லா முதுகைத் தடவினாள். மதாம் மட்டும், என்னிடம் மொத்தம் எத்தனை துணி இருக்கிறது என்று கேட்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகிற நேரத்திலும் இந்தக் கிழவிக்கு அர்முவார் கவலைதான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போய் முதலாளியிடம் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, அப்படியே பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சாயத்து ஆபீஸில் பியூனாக இருந்தவர். எழுதி ஒட்டிய எதையும் மீற மாட்டார். துப்பாதே என்று போட்டிருந்தால் அந்தச் சுவரைத் தாண்டும் வரை இருமக்கூட மாட்டார். இதை என்றைக்கோ ஒருநாள் சிரித்துக்கொண்டே மதாமிடம் சொல்லியிருக்கிறேன்.

துணியை எடுத்து வைக்க அலமாரியைத் திறந்தேன். பதினெட்டு ஹேங்கரிலும் என் துணி. ஸ்டெல்லாவின் யூனிபார்ம், கௌரியின் ஜீன்ஸ், மதாமின் சேலைகள் எதுவும் கம்பியில் இல்லை. என் ஐந்து சுடிதாரும் டாப்ஸ் தனி, பேன்ட் தனி, துப்பட்டா தனி என்று பதினைந்து குடித்தனமாகப் பிரிந்திருந்தன. அதற்கு அப்புறம் ஒரு சேலை, ஒரு உள்பாவாடை, ஒரு துண்டு. உள்பாவாடையைப் பார்த்ததும் அப்பா சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பினார். திருப்பிய இடத்தில் கதவின் உட்பக்கம் மதாமின் விதிகள் ஒட்டிய காகிதம் இருந்தது. அதில் எப்போதும் ஆறு விதிகள்தான். அன்றைக்கு ஏழாவதாக ஒன்று, வேறு மையில், பளபளவென்று இருந்தது. மாட்டிய துணியை ஒரு நாளாவது உடுத்திக் கழற்றாமல் மடிக்கக் கூடாது.

அப்பா அதை இரண்டு தரம் படித்தார். பிறகு, "அம்மா, நாளைக்கு நிச்சயதார்த்தம். இவள கூட்டினு போயாவணும்," என்றார்.

"கூட்டினு போங்க அய்யா, நான் ஏன் தடுக்கறேன்? துணிதான் வராது. பதினெட்டு உருப்படி இருக்கு. ஒரு நாளைக்கு ஒண்ணா போட்டுக் கழட்டட்டும். பத்தொம்பதாம் நாள் வாங்க, நானே மடிச்சுத் தரேன்," என்றார் மதாம்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு எல்லாவற்றையும் பையில் திணித்திருப்பார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மதாம் காபி கொண்டுவந்து வைத்தார். அது ஆறும் வரை அப்பா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சம்பந்தப் பேச்சு ஆரம்பித்து மூன்று வாரத்தில் யாரும் என்னைக் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டார்.

"நீ இன்னாம்மா சொல்ற?"

"வேலய உட மாட்டேம்பா," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அப்பா வாசலுக்குப் போய் வில்லியனூருக்குப் போன் போட்டார். பொய் சொல்ல வராத மனுஷர். துணியெல்லாம் மாட்டியிருக்கிறது, மடிப்பதற்குப் பதினெட்டு நாள் ஆகும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டார். திரும்பி வந்து, ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பார்த்து இரு என்று மட்டும் சொல்லி பஸ் ஏறிவிட்டார். திங்கட்கிழமை முதலாளியிடம் போய், வேலையை விடவில்லை என்று சொன்னேன். அடுத்த மாதமே மண்டிக்காரர் வேறு பெண்ணோடு நிச்சயமாகி, பத்திரிகை அடிக்க எங்கள் அச்சகத்துக்கே வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நல்ல டிசைனாகத்தான் போட்டுக் கொடுத்தேன்.

மதாம் இப்போது இல்லை. வீடு கைமாறி அங்கே ஒரு கஃபே வந்துவிட்டது. அர்முவாரை யாரோ விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றிப் போனதாகக் கௌரி சொன்னாள்.

எனக்கு மறக்காதது அந்தப் பதினெட்டு நாள்தான். எழுதியதை எழுதியபடி நடத்தியே தீர வேண்டும் என்று மதாம் ஒரு ஹேங்கரைக்கூடத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். அப்பா திடீரென்று வந்து நின்றால் என்ன செய்வது என்று வேறு கேட்டார். அவருடைய பூசைச் சேலைகள் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை ஒன்றை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். முதுகில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கோடாக மடிப்பு. கோயில் வாசலில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மா கேட்டேவிட்டார். மதாம், இப்போதெல்லாம் இதுதான் பேஷன் என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நேராக முன்வரிசைக்குப் போய் மண்டியிட்டார். நான் கோயிலுக்குப் போகிறவள் இல்லை. அன்றைக்கு உள்ளே போய், பூசை முடியும் வரை அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.