ஆகப்போற மாமனாரோட வால்யூமைக் குறைச்ச கதை

இன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாதா கோயில் தேர்பவனிக்கு ஒரு பாட்டு மிக்ஸ் பண்ணிக் குடுக்கணும்.

ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டு மாடி ரூம்தான் என் ஸ்டுடியோ. ஸ்டுடியோன்னா ஒரு லேப்டாப், ஒரு மைக், ரெண்டு ஸ்பீக்கர், ஓடினா சத்தம் வரும்னு ஆஃப் பண்ணியே வச்சிருக்கிற ஒரு ஃபேன்.

பாலக்கரைப் பக்கத்துல இருந்து பாடகர் குழு வந்து பாடிட்டுப் போயிட்டாங்க. ஆளுக்கொரு டிராக், அதாவது ஒவ்வொருத்தர் குரலும் தனித்தனிப் பதிவு. ஆண்கள் ஒரு ஃபோல்டர், பெண்கள் ஒரு ஃபோல்டர், எல்லாத்துக்கும் பேரு, கலர்னு அவ்வளவு அழகா அடுக்கி வச்சேன். என் பீரோவைத் திறந்தா துணி தலைமேல விழும். அது வேற விஷயம்.

அந்தக் குழுவுலதான் சவரிமுத்து அங்கிள் இருக்காரு. நான் கட்டிக்கப் போற பிரவீனோட அப்பா. கட்டிக்கப் போறோம்னு நாங்க ரெண்டு பேர்தான் சொல்லிக்கிறோம். அங்கிள் இன்னும் சொல்லல.

"கம்ப்யூட்டர்ல பாட்டைக் கலக்குறதெல்லாம் ஒரு வேலையாடா? அந்தப் பாட்டு எப்படி வருதுன்னு பாத்துட்டு முடிவு சொல்றேன்"னு பிரவீன்கிட்ட சொல்லிட்டாராம்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. மிஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பழகின தொண்டை! வரி நடுவுல நல்லாத்தான் பாடுவாரு. முடிக்கிற இடத்துலதான் வினை. "தாயே வாரும்"னு எல்லாரும் நிறுத்தினப்புறமும், இவரு மட்டும் "ரூஊஊஊம்"னு குட்ஸ் வண்டி மாதிரி போயிட்டே இருப்பாரு.

பிரவீன் போன் பண்ணான். "ஜெனி, அப்பா குரல் பாட்டுல கேக்கணும்."

"சரி."

"ஆனா கேக்கக்கூடாது."

"டேய்!"

"ப்ளீஸ், ஜெனி. ஊரே கேக்கப் போகுது."

அதுக்கும் வழி இருக்கு. டிராக்குக்குக் கீழ ஒரு கோடு போட்டு வச்சா, பாட்டு ஓடும்போது அந்தக் கோடு ஏறினா சத்தம் ஏறும், இறங்கினா இறங்கும். ஆட்டோமேஷன்னு பேரு. அங்கிள் ஒவ்வொரு வரி முடிக்கிற இடத்துலயும் கோட்டை அடிமட்டத்துக்கு இறக்கினேன். ஸ்டெல்லா டீச்சர் தனியா பாடுற இடத்துல, பாவம் மெல்லிசான குரல், நல்லா ஏத்தி விட்டேன். கேட்டுப் பாத்தேன். அடடா! என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

தேர்பவனிக்குக் கிளம்பப் போற நேரத்துல பாடகர் குழு மாஸ்டர் போன். "ஆரம்பத்துல கோயில் மணி சத்தம் கொஞ்சம் சேத்துடும்மா."

அதுக்கென்ன? எல்லாரோட குரலையும் மொத்தமாப் பிடிச்சு ஸ்கிரீன்ல வலது பக்கம் தள்ளினேன், பாட்டு கொஞ்சம் லேட்டா ஆரம்பிக்கிற மாதிரி. முன்னாடி கிடைச்ச இடத்துல மணியைப் போட்டேன். மணி வரைக்கும் கேட்டேன். சூப்பர்! வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, பஸ் ஏறிட்டேன்.

சாயங்காலம் தேர் கிளம்புச்சு. தெரு முழுக்க குழாய் ஸ்பீக்கர். மணி அடிச்சுது, ஜனங்க சிலுவை போட்டுக்கிட்டாங்க. பாட்டு ஆரம்பிச்சுது.

"தாயே வாரும்..."

"ரூஊஊஊஊம்!"

போனை எடுத்து, அனுப்பின ஃபைல் பேரைப் பாத்தேன். அதேதான்.

"தயவாய்ப் பாரும்..."

"ரூஊஊஊஊம்!"

நடுவுல அங்கிள் ஒழுங்காப் பாடின இடத்துல ஆளையே காணோம். முடிக்கிற இடத்துல மட்டும் முழுசா வந்து நிக்கிறாரு! ஸ்டெல்லா டீச்சர் முறை வந்துச்சு. தெருவே அதிர, "க்ஹும்!"னு ஒரு கனைப்பு.

அப்பதான் மண்டையில உறைச்சுது. குரலை மட்டும் தள்ளியிருக்கேன். கோடெல்லாம் பழைய இடத்துலயே நிக்குது! அங்கிளுக்கு இறக்கினது வரி நடுவுல விழுது, டீச்சருக்கு ஏத்தினது கனைப்புல விழுது. கோடும் கூட வரணும்னா அதுக்குத் தனியா ஒரு பட்டன் இருக்கு. அமுக்கல.

பக்கத்துல நின்னவரு, "ஸ்பீக்கர் ரிப்பேர் போலருக்கு"ன்னாரு.

"ஆமாங்க, ரிப்பேர்தான்"னு வேகமாத் தலையாட்டினேன்.

என்னைத் தேடி ஓடி வந்த பிரவீன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. "முடிஞ்சுது, ஜெனி. நம்ம கல்யாணம் முடிஞ்சுது"ன்னான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. பஸ்ஸ்டாண்டு எந்தப் பக்கம்னு தேடினேன்.

கூட்டத்தை விலக்கிட்டு அங்கிள் நேரா எங்கிட்ட வந்தாரு. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு.

"இதைக் கலக்கினது நீதானேம்மா?"

"அங்கிள்... அது வந்து..."

"இத்தனை வருஷமா பாடுறேன். கும்பலோட கோவிந்தாதான். ஒருத்தனும் என் குரலைத் தனியாக் கேக்க விட்டதில்ல. நீதான்ம்மா எங்க விடணுமோ அங்க விட்டிருக்க!"

உண்மையை உளறிடாதேன்னு பிரவீன் என் காலை மிதிச்சுக்கிட்டே இருந்தான்.

"டேய், ஞாயித்துக்கிழமை இவங்க வீட்டுக்குப் போய்ப் பேசுறோம்"னாரு அங்கிள். அப்படியே என் பக்கம் திரும்பி, "கல்யாணப் பூசையில எல்லாப் பாட்டும் நான்தான். குழு வேணாம்னு மாஸ்டர்கிட்ட இப்பவே சொல்லிட்டேன்"னாரு.

பூசையில எல்லாமே லைவ்வுங்க. இறக்கி விடக் கோடே கிடையாது.