இருமலுக்கு ஒரு ஃபில்டர்

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் லொக்கு லொக்கென்று இருமியதும் தச்சர் உளியைப் போட்டுவிட்டு ஓடினார்.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்லைங்க. நீங்க வேலையைப் பாருங்க."

எப்படிப் பார்ப்பது? கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இழைக்கும்போது பறக்கிற தூள் அவள் நெஞ்சில் படிந்துவிட்டது என்பது அவர் பயம். டாக்டரோ, "நெஞ்சு சுத்தமா இருக்கு. எதுக்கும் கடைக் காத்தைக் கவனிங்க" என்று அனுப்பிவிட்டார்.

கடைக் கூரையில் தொங்கும், தூளை உறிஞ்சும் தூசி மெஷினின் ஃபில்டரைக் கழற்றி, வாசலில் வைத்துத் தடியால் சாத்து சாத்தென்று சாத்தினார். பாழாய்ப்போன காற்று வீட்டுப் பக்கமே அடித்தது. கொடியில் கிடந்த துணி, அடுப்பில் இருந்த பால், எதிர்வீட்டுக்காரரின் மீசை எதுவும் தப்பவில்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று மனைவி பிடிபிடியென்று பிடித்தாள். திட்டும்போது மட்டும் இருமலைக் காணோம். மனிதருக்கு அதையெல்லாம் கவனிக்க ஏது புத்தி?

ஃபில்டரை மாட்டி மெஷினைப் போட்டார். நிம்மதியில் வழக்கம்போல ஒரு பாட்டை எடுத்துவிட்டபடி பலகையை இழைத்தார். உள்ளே இருமல்.

மறுநாள் மனைவி மளிகைக் கடைக்குப் போன நேரம் பார்த்து ஃபில்டரை வாஷிங் மெஷினில் போட்டார். தூள் ஊறிக் கூழாகி, வாஷிங் மெஷின் வாயைப் பிளந்தது. ஈரத்தோடு மாட்டியதில் தூசி மெஷினும் முனகி அடங்கியது. கடை ஒரே நிசப்தம். மனக்கவலை தீர இரண்டு பாட்டுப் பாடினார். திரும்பி வந்திருந்த மனைவிக்கு இருமல் இரண்டு மடங்கானது.

கடைசியில் கையிலிருந்ததையெல்லாம் வழித்துப் புது மெஷினே வாங்கி மாட்டிவிட்டார். ஓடுகிற சத்தமே கேட்காத மெஷின். காற்று கண்ணாடி மாதிரி இருந்தது. சந்தோஷம் தாங்காமல் தொண்டையைத் திறந்து உச்சத்தில் பாடினார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய இருமினாள்.

தச்சர் அன்றே அவளை அவள் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார். ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கமில்லை. விடிந்ததும் மைத்துனிக்குப் போன் போட்டார்.

"எப்படிம்மா இருக்கா?"

"இங்க வந்ததிலிருந்து ஒரு இருமல்கூட இல்ல அத்தான்."

"அப்ப சந்தேகமே இல்ல. கடையை மூடிடறேன். எனக்கு மரவேலையை விட்டா எதுவும் தெரியாதுதான். அதுக்காக அவளைவிட மரமா பெருசு?"

அந்தப் பக்கம் அக்காவும் தங்கையும் கிசுகிசுத்தார்கள். "வேண்டாம்டி, சொல்லாதே" என்று மனைவியின் குரல். பிறகு மைத்துனி பேசினாள்.

"கடையை மூடாதீங்க அத்தான். நீங்க பாடினா அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியல, உங்க மனசு நோகக்கூடாதேன்னுதான் இருமுறா!"