ஓலைக்குக் கூரை

1955 ஜூன் 8, புதன்கிழமை.

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கம் இந்த ராஜ்யத்திலேயே தலைசிறந்தது என்று எழுதியிருந்தேன். எங்கள் எல்லையோர ஊர் எந்த ராஜ்யத்தில் சேரும் என்பதே முடிவாகாத நிலையில் அப்படி எழுதியது அவசரம். இப்போது நாங்கள் இருக்கும் திரு-கொச்சி என்று பொருள் கொண்டால் சங்கத் தலைவர் பொன்னுதாஸ் அண்ணன் கோபிப்பார். அவர் தமிழ்க் கட்சி. சென்னை என்று பொருள் கொண்டால் துணைத் தலைவர் வேலாயுதன் அண்ணன் கோபிப்பார். அவர் ஐக்கிய கேரளக் கட்சி. ஆகவே 'உலகத்திலேயே தலைசிறந்தது' என்று திருத்திக்கொள்கிறேன். உலகத்தின் எல்லைக்காக இதுவரை யாரும் ஊர்வலம் போகவில்லை.

இந்தச் சங்கத்துக்கு நான் காரியதரிசி. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெற்றோர் சங்கத்தில் இருப்பது முறையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அக்காள் மகள் ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாள், நானோ பாறசாலையில் மாலை வகுப்பில் தட்டெழுத்துப் பழகுகிறேன். இரண்டையும் கூட்டி என்னைத் 'தற்காலிகப் பெற்றோர்' என்று தீர்மானம் போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற உறுப்பினர்கள் நிரந்தரப் பெற்றோர்கள். அவர்களுடைய பிள்ளைகள் நெய்யாற்றின்கரையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். தன் பிள்ளை படிக்காத பள்ளிக்கூடத்துக்காக ஒருவர் பாடுபடுவதைத் தியாகம் என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது?

இங்கே பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்கள் சங்கத்தில் இல்லை. கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அன்று பனச்சமூட்டில் சந்தை கிடையாது என்பதால் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் அதுதான் ஓய்வு நேரம். அந்த நேரத்தில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் கொல்லயில் ஊர் வயல்களிலும் அம்பூரி ரப்பர்த் தோட்டங்களிலும் இருப்பார்கள். பொதுக் காரியத்தில் ஜனங்களுக்கு அக்கறை போதாது என்று தலைவர் அடிக்கடி வருந்துவார்.

சங்கத்தின் நோக்கம் ஒன்றுதான்: ஒன்றாம் வகுப்புக்குக் கூரை. மற்ற வகுப்புகள் ஓட்டுக் கட்டிடத்தில் நடக்கின்றன. ஒன்றாம் வகுப்பு மட்டும் ஓலைக் கட்டிடம். அதன் கூரை போன ஐப்பசிக் காற்றில் பறந்துவிட்டது. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கும்போதும் கூரை இல்லாவிட்டால் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு கிடையாது என்று மேலிடத்திலிருந்து எழுதிவிட்டார்கள். அடுத்த பள்ளிக்கூடம் தோட்டுக்கு, அதாவது ஓடைக்கு, அப்பால். ஐந்து வயதுப் பிள்ளை மழைக்காலத்தில் அந்தத் தோட்டைக் கடக்க முடியாது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியை புஷ்பபாய் டீச்சர் இதைச் சொல்லிச் சொல்லி எல்லோரையும் அலுக்கவைத்தார். நல்ல டீச்சர்தான், ஆனால் எதையும் ஒரே பக்கமாகப் பார்ப்பவர்.

ஜனவரியில் கூடிய முதல் கூட்டத்திலேயே ஒரு கொள்கைப் பிரச்சினை எழுந்தது. பனையோலையா, தென்னையோலையா? பனை தமிழ் மரம் என்றார் தலைவர். தென்னை இல்லாமல் கேரளமே இல்லை என்றார் துணைத் தலைவர். மரங்களை யாரும் விசாரிக்கவில்லை. மூன்று கூட்டங்களுக்குப் பின், கூரை மேய்வது தென்னையோலையாகவும் கட்டுவது பனைநாராகவும் இருக்கலாம் என்று உடன்படிக்கை ஏற்பட்டது. ராஜ்ய எல்லைகளை விசாரிக்க டில்லியிலிருந்து வந்த கமிஷன் எங்கள் ஊரில் இறங்காமல் போனது அவர்களுக்குத்தான் நஷ்டம்.

முடைந்த ஓலை ஒரே வாரத்தில் குவிந்தது. கொடுத்தவர்கள் எல்லோரும் மேற்படி அக்கறை போதாத ஜனங்கள். அன்றைக்கே மேய்ந்துவிடலாமே என்றாராம் டீச்சர். நிர்வாகம் அறியாத பேச்சு. தானமாக வந்த பொருளை ஏலம் போடாமல் உபயோகிக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

இந்த வழக்கத்தை அறியாதவர்களுக்காக: எங்கள் ஆலயத்து அறுப்புப் பண்டிகையில் ஒருவர் ஒரு சேவலையோ பலாப்பழத்தையோ காணிக்கையாக வைப்பார். அதை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு எழுந்து நின்று, "திரும்பக் கொடுத்தேன்" என்பார். மறுபடி ஏலம். ஒரே சேவல் ஒரு பகலில் எட்டுப் பேருக்குச் சொந்தமாகி, சாயங்காலம் களைத்துப்போய் உட்காரும். எடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவது சட்டப்படி குற்றமல்ல, அதைவிட மோசம். முப்பது வருஷத்துக்கு முன் ஒருவர் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டுக்கு இன்றுவரை 'பூசணி வீடு' என்றுதான் பெயர். அந்த வீட்டுப் பெண்களுக்கு வரன் அமைவதுகூடச் சிரமம். இந்துக்களும் வந்து ஏலம் கேட்பார்கள், அவமானத்துக்கு மதமில்லை.

ஆகவே கூரைக்கான ஓலை ஏலத்துக்கு வந்தது. விடுபவர், ஆலயத்தில் ஏலம் விட்டுத் தொண்டை பழகிய எலியா. தமிழ்க் கட்சிக்காரர் ஓலையை எடுத்து மேய்ந்துவிட்டால் பள்ளிக்கூடமே தமிழ்நாட்டோடு போய்விடும் என்று வேலாயுதன் அண்ணன் அஞ்சினார். அவர் எடுத்து மேய்ந்தால் கேரளத்தோடு போய்விடும் என்று பொன்னுதாஸ் அண்ணன் அஞ்சினார். அப்படி அஞ்சியே இருவரும் ஏற்றினார்கள்.

"எலே எலியா, அவரு கேட்டதுக்கு மேல எனக்க பேருல போடு" என்பார் பொன்னுதாஸ் அண்ணன்.

"அவரு இன்னும் கேக்கல்லியே அண்ணே."

"கேப்பாரு. எனக்கு அவரைத் தெரியும்."

எடுத்தவர் யாராயிருந்தாலும் வெற்றியோடு எழுவார், ஊரைப் பார்ப்பார், பூசணி வீடு ஞாபகம் வரும், "திரும்பக் கொடுத்தேன்" என்று உட்காருவார். கைதட்டல் எழும். நன்றித் தீர்மானத்தை நான் இரண்டு மொழியிலும் தட்டெழுதுவேன். அடுத்த செவ்வாய் மறுபடி அதே ஓலை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று. சங்கம் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை. கூரைதான் பாக்கி.

மே மாத நடுவில் கிழக்கே இடி இடித்தது. சங்கம் அவசரமாகக் கூடியது. மழை வந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் உண்மையிலேயே கலங்கினார்கள். ஓலை நனைந்துவிடுமே. ஏல நிதியைக் கொண்டு ஓலைக்கு ஒரு கொட்டகை கட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஓடு பொன்னுதாஸ் அண்ணனின் ஓட்டுக் கடையிலிருந்து 'சகாய விலை'க்கு வந்தது. மரம் வேலாயுதன் அண்ணனின் மரக்கடையிலிருந்து, அதே சகாயத்தில். கொள்கையை வியாபாரத்துக்குள் நுழைய விடாத பெருந்தன்மையை இங்கே கவனிக்க வேண்டும்.

இரண்டே வாரத்தில் கொட்டகை எழுந்தது. நல்ல ஓடு, சிமென்ட் தரை, இடுப்பளவு சுவர், காற்றோட்டம். ஓலை உள்ளே போய்ச் சௌகரியமாகப் படுத்தது. திறப்பு விழாவில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த ஓட்டையும் மரத்தையும் நேரே ஒன்றாம் வகுப்பின் மேலேயே ஏற்றியிருக்கலாமோ? தலைவரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சுந்தரதாசு, அப்போ ஓலையை எங்க கொண்டு வைக்கியது?"

யோசித்துப் பார்த்தேன். நான்தான் தவறு போலிருக்கிறது.

முந்தாநாள் பள்ளிக்கூடம் திறந்தது. மழையும் அன்றைக்கே திறந்தது. ஒன்றாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புஷ்பபாய் டீச்சர் சற்று நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு கொட்டகையைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டுபோய் ஓலைக்கட்டுகளின் மேல் உட்காரவைத்து, பாடத்தைத் தொடங்கிவிட்டார். செய்தி பாறசாலை வரை பரவியது. ஓலையோடு பிள்ளைகள்.

நேற்று செவ்வாய். மழை விடாததால் ஏலத்தையும் கொட்டகைக்குள்ளேயே நடத்த வேண்டியதாயிற்று. பிள்ளைகளை வெளியே நிறுத்தச் சொன்னார் வேலாயுதன் அண்ணன். எங்கே நிறுத்த என்று கேட்டார் டீச்சர். அது சங்கத்தின் நோக்கத்துக்குள் வராத கேள்வி என்பதால் அப்படியே ஏலம் தொடங்கியது.

எலியா ஒரு தொகையைச் சொல்லி, "ஒரு தரம்" என்றார்.

"ஒரு தரம்" என்றார்கள் நாற்பது பிள்ளைகளும். பாடம் என்று நினைத்துவிட்டார்கள்.

எலியா திடுக்கிட்டு நிறுத்தினார். பிள்ளைகளும் நிறுத்தினார்கள். அவர் தொண்டையைச் செருமினார். அவர்களும் செருமினார்கள். என் அக்காள் மகள் ஓலைக்கட்டிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். தலைவர் ஏற்றினார், துணைத் தலைவர் ஏற்றினார், ஒவ்வொரு தொகையையும் பிள்ளைகள் ராகத்தோடு ஒப்பித்தார்கள். எண்ணுப்பாடம் இவ்வளவு உற்சாகமாக எங்கும் நடந்திராது.

அப்போது டீச்சர் கை தூக்கினார். "எனக்கும் கேக்கணும். ஓரணா கூட."

பொன்னுதாஸ் அண்ணன் வேலாயுதன் அண்ணனைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். எதிர்க் கட்சிக்கு விடக்கூடாது என்றுதான் இருவரும் சபதம் செய்திருந்தார்கள். டீச்சர் காலையில் தமிழும் மத்தியானம் மலையாளமும் கற்றுக்கொடுக்கிறவர். அவர் எந்தக் கட்சி என்று இருவருக்கும் தெரியவில்லை. மற்றவர் ஏற்றட்டும், அவருக்குச் செலவாகட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். எதற்கும் காத்திராதவர்கள் பிள்ளைகள்தான். எலியா வாய் திறக்குமுன்பே, "ரெண்டு தரம், மூணு தரம்" என்று முடித்துவிட்டார்கள். எலியாவின் கை பழக்கத்தில் பலகையைத் தட்டிவிட்டது.

கைதட்டத் தயாராக எல்லோரும் உள்ளங்கையை விரித்தோம். டீச்சர் குனிந்து ஓர் ஓலைக்கட்டின் முடிச்சைத் தேடினார்.

"சொல்லுங்கோ டீச்சரே" என்றார் எலியா.

"என்னது?"

"திரும்பக் கொடுத்தேன்னு."

"நான் எதுக்குக் கொடுக்கணும்? நான் எடுத்தது மேயதுக்காக்கும்."

"டீச்சரே, பூசணி வீடு" என்று எலியா மெல்ல ஞாபகப்படுத்தினார்.

"என்னை ஓலைவீட்டுக்காரின்னு விளிச்சோ. வீட்டுக்கு மேல ஓலை உண்டும்னா அது நல்ல பேருதான்" என்ற டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "மக்கா, ரெண்டு பேருக்கு ஒரு ஓலை. தலைக்கு மேல பிடிச்சிட்டு நடங்கோ. ஓடப்பிடாது."

ஓடினார்கள். மழைக்குள் முற்றம் முழுவதும் ஓலைகள் கால் முளைத்து ஓடின, முட்டின, கவிழ்ந்தன, சிரித்தன, திரும்பி வந்து அடுத்ததை எடுத்தன. நானும் ஒன்றை எடுத்தேன். காரியதரிசி என்ற முறையில் அல்ல, தற்காலிகப் பெற்றோர் என்ற முறையில்.

மத்தியானம் மழை சற்று ஓய்ந்தது. மழையில் ரப்பர் வெட்டும் இல்லை, வயல் வேலையும் இல்லை. ஆகவே இதுவரை சங்கம் கண்டிராத சிலர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். விசாரித்ததில் இவர்கள்தான் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் என்று தெரிந்தது. ஆண்கள் கூரை மேல் ஏறினார்கள், பெண்கள் கீழிருந்து ஓலை எறிந்தார்கள். யாரும் தலைமை வகிக்கவில்லை, வரவேற்புரை இல்லை. அம்மிணி என்ற பெண், நான் குடையோடு நிற்பதைப் பார்த்து, நீர் யார் என்று கேட்டார். பெற்றோர் சங்கக் காரியதரிசி என்றேன்.

"அப்படி ஒண்ணு உண்டுமா? எனக்க நாலு பிள்ளைகளும் இங்கயாக்கும் படிச்சது. எங்கிட்ட ஆரும் சொல்லல்லியே" என்றவர், "செரி, குடையை மடக்கிட்டு அந்த நாரை எடும்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். விளக்கு வைக்குமுன் கூரை முடிந்தது.

இன்று காலை அவசரக் கூட்டம். எல்லைத் தகராறு தொடங்கிய நாள்முதல் இரண்டு கட்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது இன்றுதான். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. டீச்சர் வழக்கத்தை மீறினார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கொட்டகை வெறுமையாகக் கிடப்பது பொதுச் சொத்துக்குச் செய்யும் துரோகம் என்பதிலும் இல்லை.

"கூரையும் வந்தாச்சு, ஓலையும் போயாச்சு. இனி செவ்வாய்க்கிழமை நாம என்ன செய்யியது?" என்று கேட்டார் வேலாயுதன் அண்ணன்.

பொன்னுதாஸ் அண்ணன் அவர் தோளில் கை வைத்தார். "விடும் ஓய். ஓலை எங்கயும் போகல்ல. மேலதானே இருக்கு."

தீர்மானம் நிறைவேறியது. நாளை பத்து மணிக்குக் கூரையிலிருந்து ஓலையை இறக்கி, துடைத்து, கொட்டகையில் அடுக்குவது. வருகிற செவ்வாய் முறைப்படி ஏலம் விடுவது. கிடைக்கும் நிதியைக் கொண்டு ஒன்றாம் வகுப்புக்குக் கூரை போட ஆவன செய்வது. ஏணிக்குக் காரியதரிசி பொறுப்பு. அந்த உயரத்துக்கு எட்டும் ஏணி சங்கத்துக்குக் கிடைப்பது இப்போது ஒன்றுதான். மற்றதெல்லாம் பிள்ளைகளின் தகப்பன்மார் வீடுகளில் இருப்பதாலும், அவர்கள் தரமாட்டார்கள் என்பதாலும், தலைவர் தம் கடை ஏணியை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். அது எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

தீர்மானத்தைத் தட்டெழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு விஷயம் தோன்றியது. சரியா தவறா என்று இரண்டு முறை யோசித்துவிட்டே எழுதுகிறேன். ஐந்து மாதம் சங்கம் பள்ளிக்கூடத்துக்கு ஓயாமல் உதவி செய்தது. அந்த ஐந்து மாதமும் பிள்ளைகளின் தலைக்கு மேல் வானம்தான் இருந்தது. சங்கம் வாயடைத்துப்போய் வீட்டுக்குப் போன ஒரே ஒரு மத்தியானத்தில் கூரை வந்துவிட்டது. இதில் பிழை இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். இப்போது திருத்துவதற்கில்லை.

நாளைய வேலை: விடியுமுன் ஏணியை அம்பூரிக்குப் போகும் லாரியில் ஏற்றிவிட வேண்டும்.