போகாத கேஸ்கெட்

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். அதனால் காரையே தெரியும் என்று நம்பியதுதான் நான் செய்த தப்பு.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் இருக்கும் பழைய காரை நான்தான் தினமும் எடுத்துப் போவேன். மொத்தம் இரண்டு கிலோமீட்டர். (நடந்தே போலாம்தான். ஆனா லைசென்ஸ் எதுக்கு வாங்கனேன்?)

தை மாதம் என் கொழுந்தன் பிரபுவுக்கு வாலாஜாபேட்டையில் நிச்சயம் வைத்திருந்தோம். அதற்கு ஒரு வாரம் முன்பு, காரில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவில் பச்சைத் தண்ணீர் குறைந்திருந்தது. ஊற்றினேன். இரண்டே நாளில் மறுபடி குறைந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். நான் வீடியோ பார்த்தேன்.

வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைக்கச் சொன்னார் வீடியோக்காரர். வைத்தேன். காலையில் அட்டையில் ஒரு சொட்டு இல்லை. வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளே ஒழுகுகிறது என்றார். வண்டியைக் கிளப்பினால் பின்னால் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் மாதிரி ஒரு படிவு. மூன்றும் சேர்ந்தால் இன்ஜினுக்குள் இருக்கும் ஹெட் கேஸ்கெட் கிழிந்துவிட்டது என்று அர்த்தமாம். இன்ஜினையே பிரிக்க வேண்டுமாம்.

மாமியாரிடம்தான் முதலில் சொன்னேன். "அத்தை, கேஸ்கெட் போயிடுச்சு."

"அய்யோ, எப்போடி?" என்று அத்தை நெஞ்சில் கை வைத்தார்.

வீட்டுக்காரர், "நல்லா தெரியுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "நூறு பர்சென்ட்" என்றேன். உடனே வேன் பேசிவிட்டார். பிரபு மட்டும், "அண்ணி, மெக்கானிக் இக்பால் பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?" என்றான். அது என் மனதில் தைத்துவிட்டது.

நிச்சயத்தன்று காலை எல்லோரும் வேனுக்காகக் காத்திருந்தோம். கார் முகப்புக்கு நேர் எதிரே, வாசல் படியில், பழம், பூ, வெற்றிலை, பெண்ணுக்கு எடுத்த சந்தன நிறப் பட்டு என்று வரிசைத் தட்டுகள். பிரபுவுக்கு நிரூபித்துவிடலாம் என்று தோன்றியது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து வண்டியை ஓடவிட்டால் தண்ணீரில் குமிழ் வரும். அதுதான் கடைசி ஆதாரம். இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் திறக்க வேண்டும் என்றும் வீடியோவில் சொல்லியிருந்தார்கள். (அந்த எடத்த ஓட்டி வுட்டுட்டேன்.) நானோ புகையைக் காட்டுவதற்காக வண்டியைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டிருந்தேன்.

துண்டைப் போட்டு மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று பச்சைத் தண்ணீர் எகிறியது. நான் பின்னால் பாய்ந்ததால் மணிக்கட்டில் ஒரு சூட்டோடு தப்பினேன். திறந்து நின்ற பானெட்டில் மோதிய தண்ணீர் முன்பக்கம் திரும்பி, நேராகத் தட்டுகளின் மேல் விழுந்தது. சந்தனப் பட்டு பச்சைப் புள்ளிச் சேலையானது.

அத்தை திட்டாமல் பிரபுவை இக்பால் பாயிடம் அனுப்பினார். அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த தெருவிலிருந்து இக்பால் பாய் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு ஹோஸ் முனையில் காய்ந்த கறையைக் காட்டினார். "இங்கதாம்மா கசியுது. சூட்டுல அப்பப்போ காஞ்சிடுது. அட்டையில எப்படி விழும்?"

"அப்போ புகை?"

"தை மாசப் பனி. எல்லா வண்டியும்தான் விடும்."

"மோர்?"

"ரெண்டு கிலோமீட்டர்தானே ஓட்டறே? தண்ணி சூடாயிடும், ஆயில் சூடாக நேரம் பத்தாது. ஈரம் அங்க போய் நிக்குது. கேஸ்கெட் நல்லா கீது." ஸ்க்ரூடிரைவரால் நாலு திருகு திருகினார். "ஹோஸைப் பிடிக்கிற கிளாம்ப்தான் லூஸு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தேன். கார் வேலை முடிந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்த, எனக்கு எடுத்த கத்தரிப்பூ நிறப் பட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு நிமிடம் தடவிப் பார்த்தேன். கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்தேன். அத்தை என்னையும் சேலையையும் பார்த்தார். "மொதல்ல கைக்கு மருந்து போடு" என்றார்.

வேனோடு காரும் போனது. சாவியை என்னிடம் தரவில்லை. வாலாஜாபேட்டையில் பெண்ணின் அம்மா சேலையைத் தொட்டுப் பார்த்து, "செலக்‌ஷன் ரொம்ப நல்லாருக்குதே, யாரு எடுத்தது?" என்றார்.

"எங்க பெரிய மருமவதான்" என்றார் அத்தை. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரபுதான் பந்தியிலேயே முழுக்கதையையும் சொல்லி முடித்தான்.

போன மாதம் அத்தைக்கு முழங்கால் வீங்கியது. வேலூருக்குக் கூட்டிப்போனேன். என்ன தொந்தரவு என்று டாக்டர் கேட்டார். அத்தை என் பக்கம் கை காட்டினார்.

"முட்டி ஜவ்வு போயிடுச்சுன்னு இவ சொல்றா டாக்டர். இவளே சொல்லிட்டா, அப்போ ஜவ்வு நல்லாதான் இருக்கும். நீங்க வேற எதனா பாருங்க."