பதினைந்து பேரும் ஒரு வாய்க்காலும்

மார்க்கையன்கோட்டை,
26-12-1938

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை வேலுச்சாமி அவர்களுக்கு, மைத்துனன் மொக்கைச்சாமி எழுதிக்கொண்டது. காமயகவுண்டன்பட்டியில் தாங்களும் தங்கை மாயக்காளும் குழந்தைகளும் சுகமாக இருக்கச் சுருளி வேலப்பரை வேண்டுகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுதுவதற்கில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் என் மகன் கருத்தக்கண்ணனால் வந்தது. மதுரைக் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தவன், பரீட்சைக்கென்று இங்கிலீஷ் சரித்திரத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லி உருப்போடுகிறான். அதுவும் எங்கே, தண்ணீர் முறை கேட்டு ஆட்கள் காத்திருக்கும் என் வீட்டு வாசலில். எழுநூறு வருஷத்துக்கு முன் அங்கே ஹென்றி என்று ஒரு ராஜா இருந்தாராம். ஏர்ல் என்று பட்டம் கட்டிய பெரிய நிலச்சுவான்தார்களெல்லாம் கூடி, இனிமேல் பதினைந்து பேரைக் கேட்காமல் நீர் ஒன்றும் செய்யக்கூடாது என்று அவரைச் சத்தியம் செய்ய வைத்தார்களாம். மறுநாள் காலையில் வாய்க்கால் பாசனக்காரர்கள் பதினாலு பேர் வாசலில் வந்து நின்றார்கள். பதினைந்தாவது ஆள் வெளியூராம். "நாட்டாம, மடையத் தெறக்குறதும் அடைக்கிறதும் இனிமே எங்களயும் கேட்டுத்தான்" என்கிறான் ஒச்சாண்டி. என் பாட்டனார் காலத்திலிருந்து அதை எங்கள் வீட்டில்தான் சொல்லிவருகிறோம். முடியாது என்றேன். அவர்கள் என்னோடு வாதாடவில்லை, மாப்பிள்ளை. பையன் பக்கம் திரும்பி, "தம்பி, ராசா முடியாதுன்னா அந்த ஏர்லுக என்ன செஞ்சாக?" என்று கேட்டார்கள். அவனும் புத்தகத்தைப் புரட்டி, "சண்ட போட்டு ராசாவப் பிடிச்சு வச்சுக்கிட்டாக" என்கிறான். நான் பெற்ற பிள்ளைதான்.

அன்றிலிருந்து அவன் பாடத்தைக் கேட்டுத்தான் ஊரில் அடுத்த காரியம் நடக்கிறது. எனக்கும் பயம் பிடித்து, அவனை மாட்டுக்கொட்டத்துக்குக் கூட்டிப்போய் முடிவை ரகசியமாகக் கேட்டேன். குளோஸ்டர் ஏர்ல் என்பவர் ராஜா கட்சிக்கு மாறிவிட்டாராம், தலைமை ஏர்ல் சண்டையில் செத்தாராம். கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அந்தத் தலைமை ஏர்ல் யார் தெரியுமா? ராஜாவின் தங்கை புருஷன். தங்கைக்குச் சேர வேண்டியதைச் சரியாகக் கொடுக்கவில்லை என்று அவருக்கு வெகுநாள் மனத்தாங்கலாம். கேட்டதும் எனக்குத் தங்கள் நினைவுதான் வந்தது. மாயக்காளுக்கு நான் சீராகக் கொடுத்தது கடைமடை வயல். போன போகத்தில் அதற்குத் தண்ணீர் எட்டவில்லை என்பதும் வாஸ்தவம். வாய்க்கால் மேடிட்டதுதான் காரணம், நான் இல்லை. அந்த ஆட்கள் தங்களைத் தலைமைக்குக் கூப்பிட வருவார்கள். போக வேண்டாம். தலைமை ஏர்லுக்கு என்ன கதி ஆயிற்று என்று மேலே எழுதியிருக்கிறேன். தாங்கள் குளோஸ்டராக, இதைத் தீர்க்க வெள்ளிக்கிழமை கூடும் ஊர்க்கூட்டத்தில் என் பக்கம் வந்து உட்கார்ந்தால் போதும். இனிக் கடைமடைக்கே முதல் தண்ணீர், இது சத்தியம்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். நான் பயந்து போயிருக்கிறேன் என்று மாயக்காளிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மொக்கைச்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மாயக்காள் வண்டியில் வந்து இறங்கினாள். கையில் பதினைந்து கையெழுத்துப் போட்ட காகிதம். முதல் கையெழுத்து தங்களுடையது. "அண்ணே, அவுக போட்டாக. நீயும் போடு. போடுற வரைக்கும் இங்கன பச்சத்தண்ணி தொட மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். தங்கை என் வீட்டில் பட்டினி கிடப்பதை எப்படிப் பார்ப்பது? போட்டுவிட்டேன். அப்புறம்தான் கருத்தக்கண்ணன் சொல்கிறான், ராஜாவின் தங்கையும் புருஷன் கட்சியில் நின்று ஒரு கோட்டையையே பிடித்து வைத்திருந்தாளாம். அது நாளைய பாடமாம். ஆகவே மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். என் வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று மாத்திரம் தெரிவிக்கவும்.