வாய் மூடி வசூல் செய்தேன்

வாயை மூடிக்கொண்டு ஒரு பெரிய காரியம் செய்வது என்று தீர்மானித்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அதற்காக எங்கள் நிக்டி அடுக்குமாடி சொசைட்டிக்காரர்கள் பணம் தரவேண்டும். அந்தப் பணத்தில் காது கேளாதோர் பள்ளிக் குழந்தைகளுக்குக் காது மிஷின். நடுவில் 'ம்' என்றாலும் பணம் வாபஸ்.

நல்ல எண்ணம்தான். கூடவே கொஞ்சம் உள்நோக்கமும் உண்டு. என் மைத்துனன் பிரணவுக்குத் பக்கத்துத் தளேகாவ் ஃபாக்டரியில் வேலை கிடைத்திருந்தது. அவன் நம் வீட்டில் தங்கலாமா என்று என் மனைவி ஸ்ரீவித்யா தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. சரி என்று சொல்லத் தெம்பில்லை. பிரணவ் சாக்ஸபோன் பழகுகிறான். நான் இரண்டு நாள் பேசாமல் கிடந்தால் அவனே வேறு இடம் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

முதல் அதிர்ச்சி வசூலில். செக்ரட்டரி ஜம்பு விஷயத்தைச் சொன்னதும் கட்டடமே பணத்தைக் கொட்டியது. கணபதி வசூலுக்கு வருஷா வருஷம் ஒளிந்துகொள்ளும் கீழ்வீட்டுக்காரர் கூட என்னை லிஃப்ட் வரை துரத்திவந்து கொடுத்தார். நிஜமாகவே பேசமாட்டேன்தானே என்று ஹிந்தியில் ஒருமுறை, மராத்தியில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

சனிக்கிழமை காலை காப்பியோடு ஸ்ரீவித்யா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்னா, பிரணவ் இங்கேயே தங்கட்டும்கறேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்கோ."

தலையை இடமும் வலமும் பலமாக ஆட்டினேன்.

"கழுத்துப் பிடிப்பா? தைலம் தேய்ச்சு விடறேன்."

பேனாவைத் தேடினேன். எழுதினாலும் பேசின மாதிரிதான் என்று ஜம்புவிடம் சொல்லி முந்தின நாளே ஒரு விதி சேர்த்திருந்தாள். அதை அப்போதுதான் எனக்குத் தெரிவித்தாள். பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்தேன்.

"அந்தக் குழந்தைகளை நினைச்சுக்கோங்கோ," என்றாள் மெதுவாக.

மூடிக்கொண்டேன்.

"உங்க ரூமையே குடுத்துடறேள். பெரிய மனசுன்னா உங்களுக்கு."

மத்தியானம் டெம்போவில் பிரணவ் வந்து இறங்கினான். என் அலமாரி பால்கனிக்குப் போயிற்று. கூடவே நானும். ராகம் எது, அலறல் எது என்று பிரிக்கமுடியாத ஒரு சத்தம் என் ரூமிலிருந்து கிளம்பியது.

ஞாயிறு சாயங்காலம் கிளப் ஹவுஸில் கூட்டம். விரதம் முடியச் சில நிமிஷங்களே பாக்கி. தொண்டையில் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் மைக்கில் கொட்டிவிடுவது என்று தயாராக நின்றேன். ஜம்பு என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். இந்தக் கட்டடம் இப்படி ஒரு நிம்மதியை அனுபவித்ததே இல்லையாம். விரதத்தை ஒரு மாதம் நீட்டித்தால் ஆளுக்கு இரண்டு மடங்கு தருகிறார்களாம். யோசனை சொன்னது ஸ்ரீவித்யாவாம்.

முன்வரிசையில் அந்தப் பள்ளிக் குழந்தைகள். கைதட்டலுக்குப் பதிலாக இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை விரித்து ஆட்டினார்கள். அத்தனை முகத்திலும் சிரிப்பு. அவர்கள் முன்னால் எப்படி மாட்டேன் என்பது? நானும் இரண்டு கைகளைத் தூக்கினேன்.

என் சார்பில் நன்றியுரையை ஸ்ரீவித்யா சொன்னாள்.